50-ஐ இழுத்த 35

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறக்கிறார்கள் என்றால், தஞ்சாவூர் அம்மாபேட்டைப் பக்கம் எங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர இன்னும் பல நாள் ஆகும். கல்லணைக்கு வந்து, அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பங்கு பிரித்து, பிறகு கிளை ஆறு, வாய்க்கால், மடை என்று இறங்கி வரவேண்டும். வந்துவிட்டாலோ, ஊரே ஒரே நேரத்தில் உழவுக்கு நிற்கும். எல்லாருக்கும் டிராக்டர் வேண்டும், அதுவும் இன்றைக்கே வேண்டும்.

அப்படி ஒரு குறுவை உழவு சமயத்தில் நடந்தது இது. பக்கத்து வயலில் ஒரு புது டிராக்டர் இறங்கியது. 50 குதிரைத்திறன். பளபளவென்று இருந்தது. இரண்டு சுற்று போயிருக்கும், மூன்றாவது சுற்றில் மடை ஓரத்தில் பின்சக்கரம் சேற்றில் வாங்கிவிட்டது. டிரைவர் வேகத்தைக் கூட்டக் கூட்ட, சக்கரம் அங்கேயே சுற்றிக் குழி தோண்டியது. நல்ல இயந்திரம், நல்ல டிரைவர். ஆனால் வண்டி நகரவில்லை. எங்கள் வயலில் ஓடிக்கொண்டிருந்தது 35 குதிரைத்திறன் உள்ள பழைய வண்டி. பெயின்ட் உரிந்து, சைலன்சர் துருப்பிடித்து, பார்க்கவே பாவமாக இருக்கும். அதுதான் போய்ப் புது வண்டியை இழுத்துப் போட்டது.

வரப்பில் என்னோடு நின்ற அக்கா மகனுக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. ஏழாம் வகுப்பு படிக்கிறான். "மாமா, 50 பெருசா, 35 பெருசா?" என்று கேட்டான்.

50-தான் பெரிது. ஆனால் எதில் பெரிது? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் குதிரைத்திறன் என்றால் என்ன? நீராவி இயந்திரத்தை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட், தன் இயந்திரம் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று சுரங்கக்காரர்களுக்குப் புரியவைக்க இந்தக் கணக்கைக் கொண்டுவந்தார். நம் கணக்கில் சொன்னால், 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் அது ஒரு குதிரைத்திறன். இதில் இரண்டு விஷயம் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். ஒன்று எடை, அதாவது விசை. இன்னொன்று வேகம். 75 கிலோவை நொடிக்கு ஒரு மீட்டர் தூக்கினாலும், 150 கிலோவை நொடிக்கு அரை மீட்டர் தூக்கினாலும் திறன் ஒன்றுதான். விசை கூடினால் வேகம் குறையவேண்டும், வேகம் கூடினால் விசை குறையவேண்டும். ஒரு ஜோடி உழவு மாடு சுமார் ஒரு குதிரைத்திறன் கொடுக்கும் என்பார்கள். அப்படிப் பார்த்தால் எங்கள் பழைய வண்டிக்குள் முப்பத்தைந்து ஏர் பூட்டியிருக்கிறது.

இப்போது 35 குதிரைத்திறனைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். 35-ஐ 75-ஆல் பெருக்கினால் 2625. அதாவது நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போனால் 2625 கிலோ அளவுக்கு இழுக்கலாம். ரோட்டில் மணிக்கு 25 கிலோமீட்டர் போகிறது என்றால் அது நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர். இழுவை 375 கிலோதான். அதே வண்டி மணிக்கு 2 கிலோமீட்டரில் ஊர்ந்தால்? நொடிக்கு அரை மீட்டருக்குச் சற்று மேல். இழுவை 4700 கிலோவைத் தாண்டிவிடும். எஞ்சின் அதேதான், டீசலும் அதேதான். நடுவே உராய்வில் கொஞ்சம் வீணாகும். அதைக் கழித்தாலும் வித்தியாசம் பத்து மடங்குக்கு மேல்.

இந்த மாயத்தைச் செய்வதுதான் கியர். மாயம் என்று சொன்னது தப்பு. கியர் ஒரு சொட்டு சக்தியைக்கூட உண்டாக்காது. வேகத்தை வாங்கிக்கொண்டு விசையைக் கொடுக்கும் வியாபாரி அது.

பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்கு அந்தப் பெரிய கல்லை ஏற்ற, சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாய்வாகச் சாரம் கட்டி உருட்டி வந்தார்கள் என்று தஞ்சாவூரில் ஒரு கதை சொல்வார்கள். அது ஒரே கல்லா, சாரம் அங்கிருந்துதான் வந்ததா என்ற சண்டை வரலாற்றுக்காரர்களுக்கு இருக்கட்டும். கதைக்குள் இருக்கும் அறிவியல் சரியானது. நேராகத் தூக்கமுடியாத கல்லை நீண்ட சரிவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளலாம். தூரம் அதிகம், விசை குறைவு. அந்தச் சரிவைச் சுருட்டிப் பல் வைத்த சக்கரமாக்கினால் அதுதான் கியர்.

உங்கள் சைக்கிளில் இதைத் தலைகீழாகப் பார்க்கலாம். பெடலோடு இருக்கும் பல்சக்கரம் பெரிது, பின்சக்கரத்தில் இருப்பது சிறிது. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் பெடலை ஒரு சுற்று சுற்றும்போது பின்சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று சுற்றும். வேகம் கிடைக்கிறது, விசை போகிறது. நம் ஊரில் மேடு என்றால் ஆற்றுப் பாலம்தான். அதில் ஏறும்போது எழுந்து நின்று மிதிக்கிறீர்களே, அது ஏன் என்று இப்போது தெரிகிறதா? கியர் சைக்கிள் வைத்திருப்பவன் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றி, உட்கார்ந்தபடியே ஏறிவிடுவான். ஆனால் நம்மைவிட அதிகம் மிதிக்கவேண்டியிருக்கும்.

டிராக்டர் இதே வேலையை வெறித்தனமாகச் செய்கிறது. எங்கள் வண்டி போன்ற ஒன்றின் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்டயர் ஒரு சுற்று உருண்டால் சுமார் 4 மீட்டர் நகரும். மணிக்கு 2 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 33 மீட்டர். அப்படியானால் டயர் நிமிடத்துக்கு எட்டுச் சுற்றுதான் சுற்றவேண்டும். 2000 எங்கே, 8 எங்கே! எஞ்சின் ஏறக்குறைய 240 தடவை சுற்றினால் பின்சக்கரம் ஒரு தடவை சுற்றும்.

இந்த 240-ஐ ஒரே இடத்தில் குறைக்கமுடியாது. ஒரே ஜோடிப் பல்சக்கரத்தில் செய்தால் பெரியது வீடு உயரம் இருக்கவேண்டும். அதனால் தவணை தவணையாகக் குறைக்கிறார்கள். முதல் தவணை கியர் பாக்ஸில். டிரைவர் கைக்குப் பக்கத்தில் இரண்டு லீவர் இருக்கும். ஒன்றில் கியர், இன்னொன்றில் ஹை, லோ. லோவில் போட்டால் உள்ளே இன்னொரு தவணை குறையும். அதனால்தான் நாலு கியரை வைத்துக்கொண்டு எட்டு வேகம் கிடைக்கிறது. அடுத்து கிரவுன், பினியன் என்று இரண்டு பல்சக்கரம். நீளவாக்கில் வரும் சுழற்சியைக் குறுக்காகத் திருப்பும்போது அங்கே ஒரு குறைப்பு. கடைசியாகப் பின்சக்கரத்துக்கு அருகில் இன்னொரு குறைப்பு. ஒவ்வொரு இடத்திலும் சுழற்சி குறைய, முறுக்கு விசை கூடும்.

"லோ ஒன்ல போட்டா கோயிலையே இழுத்துரும்" என்று எங்கள் டிரைவர் அண்ணன் பெருமையடிப்பார். கணக்குப்படி அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சேறு பறித்துக்கொள்கிறது.

இங்கேதான் புது வண்டி தோற்றது. இழுவை சக்கரம் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குமேல் என்ன ஆகும்? சக்கரம் தரையைப் பின்னுக்குத் தள்ளவேண்டும், தரை சக்கரத்தை முன்னுக்குத் தள்ளவேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதி. தரை பிடிகொடுத்தால்தான் வண்டி போகும். நம் டெல்டா களிமண்ணோ, தண்ணீர் கட்டினால் வெண்ணெய். டயரில் இருக்கும் கட்டைகளுக்கு நடுவே சேறு அப்பிக்கொள்ளும். நாலு சுற்றில் டயர் கொழுக்கட்டை மாதிரி வழவழப்பாகிவிடும். பிறகு 35 ஆனாலும் 50 ஆனாலும் 500 ஆனாலும் அது அதே இடத்தில்தான் சுற்றும். திறன் அதிகமாக இருந்தால் குழி சீக்கிரம் ஆழமாகும், அவ்வளவுதான்.

பழைய வண்டியில் டயரோடு சேர்த்து கேஜ் வீல் மாட்டியிருந்தது. பார்த்திருப்பீர்கள்: இரும்பு வளையங்கள், அவற்றுக்கு நடுவே குறுக்காகப் பற்றவைத்த இரும்புப் பட்டைகள். கூண்டு மாதிரி இருப்பதால் கேஜ். டயரின் பக்கவாட்டில் மாட்டுவதும் உண்டு, டயரைக் கழற்றிவிட்டு முழுக் கூண்டாகவே மாட்டுவதும் உண்டு. இதன் சூட்சுமம் நடுவில் உள்ள ஓட்டை. சேறு ஒட்டிக்கொள்ள இடம் இல்லை, வழிந்து விழுந்துவிடுகிறது. பட்டைகள் படகுத் துடுப்பு மாதிரி சேற்றைப் பின்னால் தள்ளுகின்றன. அகலம் கூடுவதால் வண்டியும் அதிகம் புதைவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வயலில் இறங்கியவர்களுக்குக் காலே சொல்லியிருக்கும்: மேலே ஒரு சாண் அளவு தொளி, அதற்குக் கீழே கெட்டியான ஒரு தளம். தலைமுறை தலைமுறையாக ஏரும் மாட்டின் குளம்பும் அமுக்கி அமுக்கி உண்டான அடுக்கு அது. தண்ணீர் கீழே வடிந்து போகாமல் நெல்லுக்காகத் தேக்கி வைப்பதும் அதுவே. கேஜ் வீலின் பட்டை அந்தக் கெட்டித் தளத்தைத் தொட்டுவிட்டால் வண்டிக்கு ரோடு கிடைத்த மாதிரி. மடை ஓரத்தில் எப்போதும் தண்ணீர் ஓடி ஓடி அந்தத் தளம் கரைந்து போயிருக்கும். பழகிய டிரைவர்கள் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டே உழுவார்கள். புது வண்டிக்காரர் வெளியூர். பாவம், அவருக்கு அந்த மடையைத் தெரியாது.

(கேஜ் வீலோடு தார் ரோட்டில் போகக்கூடாது. ரோட்டைப் பெயர்த்துவிடும். ஆனாலும் சிலர் போகத்தான் செய்கிறார்கள். எங்கள் ஊர் ரோட்டில் வரிவரியாகத் தழும்பு இருக்கிறது.)

சக்கரத்தை நம்பாமலேயே சக்தியை மண்ணுக்குக் கொண்டுபோக ஒரு குறுக்குவழியும் உண்டு. டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், பி.டி.ஓ. என்பார்கள். வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று. அதில் ரோட்டவேட்டரை இணைத்தால், வளைந்த கத்திகள் சுழன்று சேற்றைக் கலக்கும். எஞ்சினின் திறனில் பெரும் பங்கு சக்கரம் வழியாகப் போகாமல் நேராகக் கத்திக்குப் போய்விடுகிறது. வழுக்கலுக்கு வரி கட்டவேண்டாம்! அதோடு கத்திகள் மண்ணைப் பின்னால் தள்ளிச் சுழல்வதால், டிராக்டரை முன்னால் உந்தவும் செய்கின்றன. சேற்றுழவுக்கு ரோட்டவேட்டர் இவ்வளவு பரவியதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்பது என் எண்ணம்.

சரி, எஞ்சினிலேயே திறனைக் கூட்டமுடியாதா? முடியும். ஆனால் எப்படி என்று தெரியாமல் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் சித்தப்பா சாட்சி.

அவர் டிராக்டர் 'இழுக்கல'. ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டார். டீசல் பம்பில் சீல் வைத்திருந்த ஒரு திருகைத் திருப்பி, எரிபொருள் அதிகமாகப் போகும்படி செய்துகொடுத்தார்கள். வண்டி கொஞ்சம் துள்ளத்தான் செய்தது. கூடவே கன்னங்கரேலென்று புகை. "புகை வந்தாத்தான்டா வண்டி வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார் சித்தப்பா. ஒரே போகத்தில் பிஸ்டன் போய், டீசல் செலவும் எகிறி, கடைசியில் எஞ்சினைப் பிரித்தார்கள்.

கறுப்புப் புகை என்பது எரியாமல் வெளியே போகும் கரி. அது பலம் அல்ல, பட்டினி. காற்றுப் பட்டினி. ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரிய எவ்வளவு காற்று வேண்டும் தெரியுமா? சுமார் 10,000 லிட்டர்! உங்கள் வீட்டில் ஒரு சின்ன அறை நிறையும் காற்று. டீசலை மட்டும் கூட்டிவிட்டுக் காற்றைக் கூட்டாவிட்டால் அடுப்பில் விறகைத் திணித்த மாதிரிதான். புகையும், எரியாது.

அதனால் எஞ்சினைச் சீர்செய்வது காற்றில் தொடங்கவேண்டும். பழைய டிராக்டர்களில் காற்று வடிகட்டியின் அடியில் எண்ணெய்க் கிண்ணம் இருக்கும். உள்ளே போகும் காற்று எண்ணெயை உரசிப்போகும், தூசி எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். கோடையில் புழுதி உழவு முடித்த வண்டியின் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தால் அல்வா பதத்தில் சேறு இருக்கும். அதைச் சுத்தம் செய்து புது எண்ணெய் ஊற்றினாலே பாதி நோய் தீர்ந்துவிடும். அடுத்து இன்ஜெக்டர்: டீசலை மூடுபனி போலத் தூவவேண்டியது, அடைத்துக்கொண்டால் துளித் துளியாகச் சொட்டும். துளி எரிவதற்குள் எஞ்சினின் சுற்றே முடிந்துவிடும்.

இன்னும் திறன் வேண்டுமென்றால் காற்றை அமுக்கித் திணிக்கவேண்டும். அதற்குத்தான் டர்போ. ஆல்ஃபிரெட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூடான புகை ஒரு காற்றாடியைச் சுற்றும்; அதே தண்டின் மறுமுனையில் உள்ள காற்றாடி வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அமுக்கும். குப்பையில் போகவேண்டியதை வேலைக்கு வைத்துக்கொண்ட மனிதர்! அமுக்கினால் காற்று சூடாகும், சூடானால் விரியும் என்பதால், நடுவே குளிர்விக்கும் தட்டு ஒன்றையும் பல வண்டிகளில் வைக்கிறார்கள். சூடு எவ்வளவு கெடுக்கும் என்றால், 20 டிகிரிக் காற்றைவிட 40 டிகிரிக் காற்றில், அதே இடத்துக்குள், 16-ல் ஒரு பங்கு காற்று குறைவு. மே மாத மதியத்தில் வண்டி சோம்பிப்போவதற்கு டிரைவரின் சாப்பாடு மட்டும் காரணமில்லை.

எஞ்சினை விட்டு மறுபடி சேற்றுக்கு வருவோம். குறுவை அறுவடை மழையோடு வரும்போது கதை வேறு. அப்போது டயர் வைத்த அறுவடை இயந்திரம் வயலில் இறங்காது. பெல்ட் வண்டிதான் வேண்டும். மூன்று டன் எடையுள்ள பெல்ட் வண்டி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு பெல்ட், ஒவ்வொன்றும் 40 சென்டிமீட்டர் அகலம், தரையைத் தொடும் நீளம் 160 சென்டிமீட்டர் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டர் மண்ணின்மேல் விழும் எடை கால் கிலோகூட இல்லை. நடக்கும்போது ஒற்றைக் காலில் நம் எடை முழுதும் நிற்கும் கணத்தில், நம் பாதம் அதைவிட அதிகமாக அழுத்துகிறது. மூன்று டன் வண்டியைவிட மனிதன் ஆழமாகப் புதையும் வயல் நம்முடையது! திருவாரூர் ஆழித்தேரை ஊர்கூடி வடம் பிடிக்கும்போது பின்னாலிருந்து தள்ளப் புல்டோசரைக் கொண்டுவருகிறார்களே, அதுவும் இதே குடும்பத்து உறவுதான். அகலமான பட்டைச் சக்கரத்தின் பிடி, மிகத் தாழ்ந்த கியரின் உந்து.

புது வண்டியை எப்படி வெளியே எடுத்தோம் என்று சொல்லவில்லையே. முதலில் அதன் டிரைவர் ஒரு மரக்கட்டையைக் கேட்டார், பின்சக்கரத்தோடு சேர்த்துக் கட்டுவதற்கு. எங்கள் டிரைவர் அண்ணன் ஓடிப்போய்த் தடுத்தார். எனக்கு அப்போது புரியவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது முதுகு சில்லிட்டது.

எஞ்சின் சக்கரத்தை முன்பக்கமாக முறுக்கும்போது, சக்கரம் வண்டியின் உடலைப் பின்பக்கமாக முறுக்குகிறது. மறுபடியும் நியூட்டன். வழக்கமாகச் சக்கரம் சுற்றிவிடுவதால், வழுக்கிவிடுவதால், அந்த முறுக்கு அதிகம் ஏறாது. சக்கரம் கட்டையில் சிக்கிச் சுற்றவே முடியாமல் போனால்? 240 மடங்கு பெருகிய விசை போக வேறு இடம் இல்லை. வண்டியின் மூக்கைத் தூக்கும். அதைத் தூக்கத் தேவையானதைவிட இரண்டு மடங்குக்கு மேல் விசை லோ கியரில் இருக்கிறது. ஒன்றிரண்டு நொடியில் டிராக்டர் பின்னால் மல்லாந்து டிரைவர்மேல் விழுந்துவிடும். கிளட்சை மிதிக்க நேரம் இருக்காது. உலகம் முழுக்க இப்படி டிரைவர்கள் இறந்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் கலப்பை கல்லில் மாட்டினாலே டிராக்டர் இப்படிக் கவிழும். அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் கலப்பையை மூன்று புள்ளியில் டிராக்டரோடு பிணைக்கும் முறையைக் கொண்டுவந்தார். கலப்பை சிக்கினால் மேல்கம்பி முன்னோக்கித் தள்ளி மூக்கை அமுக்கிப் பிடிக்கும். இன்று எந்த டிராக்டரின் பின்பக்கத்தைப் பார்த்தாலும் அந்த மூன்று புள்ளி இருக்கிறது. அவர் பெயர் சேர்ந்த மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களைச் செய்யத்தான் சென்னையில் 1960-ல் டாஃபே நிறுவனம் தொடங்கியது.

எங்கள் டிரைவர் அண்ணன் செய்தது இதுதான். மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னால் சேற்றை வெட்டிச் சரிவாக்கினார். வைக்கோலைத் திணித்தார். பழைய வண்டியைக் கெட்டித் தரையில் நிறுத்தி, சங்கிலியை அதன் அடியில், அச்சுக்குக் கீழே இருக்கும் கொக்கியில் மாட்டினார். மேலே மாட்டினால் இழுக்கும் வண்டியே மல்லாந்துவிடும். லோ ஒன். கிளட்சை மெதுவாக விட்டார். சங்கிலி விறைத்தது. எஞ்சின் ஒருமுறை முக்கியது. சுற்று குறைந்ததை உணர்ந்து, எஞ்சினோடு இருக்கும் கவர்னர் என்ற கருவி தானாகவே டீசலைக் கூட்டியது. கேஜ் வீல் அரைச் சுற்று சுற்றி அடியில் கெட்டி மண்ணைப் பிடித்தது. அவ்வளவுதான். 50 வெளியே வந்தது.

அக்கா மகன் கைதட்டிக்கொண்டே அந்த வண்டியின் மட்கார்டில் ஏறி உட்காரப் போனான். அண்ணன் போட்ட சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். நீங்களும் ஏறாதீர்கள். டிராக்டரில் டிரைவர் ஒருவருக்குத்தான் இருக்கை. உழவைப் பார்க்க வரப்பே நல்ல இடம். சங்கிலி கட்டி இழுக்கும்போது வரப்பிலிருந்தும் தள்ளி நில்லுங்கள், சங்கிலி அறுந்தால் வீசும்.